மின்கடத்தும் பசையால் போர்டில் பாகங்களைப் பொருத்துவது: பரப்பைத் தேர்வதிலிருந்து பழுது மாற்றுவது வரை

வெள்ளி கலந்த எபாக்ஸிப் பசையை முதன்முறை கையில் எடுப்பவர்கள் அதைச் சூடு வேண்டாத சால்டர் என்று நினைத்துத்தான் எடுக்கிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்து வந்தவைதான். சால்டர் உருகி உலோகத்தோடு உலோகமாகக் கலந்துகொள்கிறது. பசை அப்படிக் கலப்பதில்லை, பரப்பின் மேல் ஒட்டி நிற்கிறது. அதனால் இணைப்பின் தரத்தைப் பசைக்குள் இருக்கும் வெள்ளியைவிட, பசையும் பரப்பும் தொடும் அந்த மெல்லிய இடமே தீர்மானிக்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் அந்த இடத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

இங்கே நான் சொல்வது எல்லாத் திசையிலும் கடத்தும் வெள்ளி எபாக்ஸியைப் பற்றி. திரை இணைப்புகளில் வரும், ஒரு திசையில் மட்டும் கடத்தும் படலத்துக்குச் சூட்டையும் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். அதன் செய்முறை வேறு.

1. இந்த வேலைக்குப் பசைதான் வேண்டுமா?

பசை பொருந்தும் இடங்கள் தெளிவானவை. சால்டரின் சூட்டைத் தாங்காத சென்சார், பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்ட வெள்ளித் தடங்கள், குவார்ட்ஸ் படிகம், சால்டர் ஒட்டாத பரப்பு ஆகியவை.

பொருந்தாத இடங்களும் தெளிவானவை. நல்ல வெள்ளி எபாக்ஸியின் தன்மின்தடை (அளவும் வடிவமும் சாராமல் பொருளே மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) 0.0001 முதல் 0.0005 ஓம்-செ.மீ. வரை வரும். வெள்ளீயச் சால்டருக்கு அது சுமார் 0.000015. அதாவது நல்ல பசையே சால்டரைவிடப் பல மடங்கு அதிகமாகத் தடுக்கிறது. பெரிய மின்னோட்டம் போகும் மின்வழங்கிப் பகுதிக்கு இதை எடுக்காதீர்கள். கீழே விழும் வாய்ப்புள்ள கருவியில் கனமான பாகங்களையும் இதை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். அதிர்ச்சியில் பசை இணைப்பு சால்டரைவிட எளிதில் விட்டுவிடும்.

கார்பன் கலந்த மலிவுப் பசை கிடைக்கிறதே என்றால், அதன் மின்தடை இன்னும் பல மடங்கு அதிகம். நிலைமின்னைக் கசியவிட அது போதும், பாகங்களை இணைக்கப் போதாது.

2. பரப்பைத் தேர்ந்தெடுங்கள்

பசை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய படி இது. ஏறக்குறைய எல்லாரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

போர்டின் பேட் (பாகத்தின் முனை உட்காரும் உலோகப் பரப்பு) எந்த உலோகத்தில் முடிந்திருக்கிறது, பாகத்தின் முனை எந்த உலோகத்தில் முடிந்திருக்கிறது என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தங்கம், வெள்ளி, வெள்ளி-பல்லேடியம் இருந்தால் நிம்மதி. வெள்ளீயம் இருந்தால் நிற்க வேண்டும்.

காரணம் இதுதான். கடையில் கிடைக்கும் சாதாரண ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் முனைகளில் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சு இருக்கும், ஏனென்றால் அவை சால்டருக்காகச் செய்யப்பட்டவை. வெள்ளியும் வெள்ளீயமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரிபோல வேலை செய்யும். அதில் வெள்ளீயம் அரிக்கப்பட்டு, தொடும் இடத்தில் ஆக்சைடு வளரும். வெள்ளியின் ஆக்சைடு ஓரளவு கடத்தும், வெள்ளீயத்தின் ஆக்சைடு கடத்தாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், முதல் நாள் எல்லாம் சரியாக இருக்கும். வெள்ளீய முனை உள்ள கெப்பாசிட்டர்களை வைத்து நான் ஒட்டிய ஒரு போர்டு, ஒட்டிய அன்று எல்லாச் சோதனையிலும் தேறியது. ஈரப்பதம் கூடிய பெட்டியில் சில வாரம் இருந்த பிறகு, சில இணைப்புகள் மில்லி ஓமிலிருந்து ஓம் கணக்குக்கு வந்துவிட்டன. பசை கெட்டியாகத்தான் பிடித்திருந்தது. விரலால் தள்ளினால் அசையவில்லை. மின்சாரத்துக்கு மட்டும் வழி இல்லை.

போர்டின் பக்கமும் இதே கவனம் வேண்டும். நிக்கலின் மேல் மெல்லிய தங்கம் பூசிய பேட் நல்ல தேர்வு. சால்டர் தோய்த்த பேட் கூடாது. செம்பின் மேல் கரிமப் பாதுகாப்புப் படலம் பூசியது சால்டரின் சூட்டில் விலகுவதற்காக வைத்தது. பசைக்குக் கீழே அது விலகாமல் மின்காப்பாகவே இருந்துவிடும். வெறும் செம்பும் அலுமினியமும் தங்கள் ஆக்சைடோடுதான் வரும்.

பாகம் வாங்கும்போது கடத்துப் பசைக்கான முனை என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளி-பல்லேடியம் முனையோடு அப்படிப்பட்ட வகைகள் விற்கப்படுகின்றன. விலை கூடுதல்தான், ஆனால் இந்த வேலையில் பணம் போட வேண்டிய முதல் இடம் அதுவே. வெள்ளீய முனையைத் தவிர்க்கவே முடியாவிட்டால், வெள்ளீயத்துக்கென்றே அரிப்புத் தடுப்பான் சேர்த்துச் செய்த பசையைத் தேடுங்கள். சாதாரணப் பசையை வைத்துச் சமாளிக்க முடியாது.

3. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

கலந்த பசைக்கு ஆயுள் குறைவு. கலந்த பிறகு எழுந்துபோய் எதையும் தேடக் கூடாது. எனவே இவற்றை முன்பே எடுத்து வையுங்கள்:

- 0.01 கிராம் காட்டும் தராசு, கண்ணாடித் துண்டு, தட்டையான கலக்கும் கரண்டி
- சிரிஞ்ச், கூம்பு வடிவ பிளாஸ்டிக் முனைகள்
- நூல் உதிராத துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்
- நைட்ரைல் கையுறை, தேவைக்கு மேல் சில ஜோடி
- உருப்பெருக்கி அல்லது மைக்ராஸ்கோப்
- வெப்பநிலையைப் போர்டின் மேலேயே அளக்கும் தெர்மோகப்பிள்
- 4-வயர் முறையில் அளக்கும் மீட்டர் (முறையின் விளக்கம் 10-வது படியில்)

கையுறை விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். எபாக்ஸியும் அதன் கெட்டிப்படுத்தியும் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் அது பசையை நீர்த்துத் தோல் முழுக்கப் பரப்பிவிடும்.

4. சால்டர் வேலையை முதலில் முடியுங்கள்

ஒரே போர்டில் இரண்டும் இருந்தால், சால்டர் முன்னே, பசை பின்னே. சால்டர் ஓவனின் சூடு 240 டிகிரியைத் தொடும். பெரும்பாலான பசைகள் இறுகிய பிறகும் அந்தச் சூட்டில் இளகிச் சேதமாகும். தவிர, ஃப்ளக்ஸின் (சால்டர் ஒட்ட உதவும் ரசாயனத்தின்) ஆவி தங்க பேட்களின் மேல் படியும்.

சால்டர் முடிந்ததும் ஃப்ளக்ஸைக் கழுவி, பசை போடும் பேட்களை ஆல்கஹால் தொட்ட புதுத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கைத் திரும்ப வைக்கிறீர்கள். துடைத்த பேட்டை வெறும் விரலால் தொடாதீர்கள். சிலிக்கோன் கலந்த கிரீம், ஸ்பிரே எதுவும் அந்த அறையிலேயே வேண்டாம். அது படிந்த இடத்தில் எந்த எபாக்ஸியும் பிடிக்காது.

5. பசையைத் தயார் செய்வது

உறையவைத்து வரும் ஒற்றைப் பசை: முன்கூட்டியே கலந்த சிரிஞ்சுகள் பொதுவாக மைனஸ் 40 டிகிரியில் வைக்கப்படும். வெளியே எடுத்ததும் முனை கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். சின்னச் சிரிஞ்சுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள்.

ஒருமுறை அவசரத்தில் ஒருவர் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிரிஞ்சின் வெளிப்புறம் முழுக்கப் பனி, முனையில் பசையோடு சேர்ந்து ஒரு துளித் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஓவனில் ஆவியாகி, இணைப்புக்குள் ஓட்டைகளாக மாறியது. கையில் உருட்டிச் சூடேற்றுவதும் வெந்நீரில் வைப்பதும் இதே வகைத் தவறுதான். சிரிஞ்சின் சுவர் ஒரு வேகத்திலும் பசை ஒரு வேகத்திலும் விரிவதால் இடையில் காற்று புகும். இளகிய சிரிஞ்சைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது.

இரண்டு பாகமாக வரும் பசை: முதலில் ஒவ்வொரு டப்பாவையும் தனித்தனியே அடிவரை கிளறுங்கள். வெள்ளி கனமானது, நின்றால் அடியில் தங்கிவிடும். மேலாக எடுத்தால் வெள்ளி குறைந்த பசைதான் வரும்.

விகிதத்தை எடையால்தான் அளக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது. விகிதம் 100-க்கு 5 என்று வைத்துக்கொள்வோம். 2 கிராம் பசைக்கு 0.1 கிராம் கெட்டிப்படுத்தி வேண்டும். தராசு 0.01 கிராம் பிசகினால் அங்கேயே 10 சதவீதப் பிழை. 10 கிராம் கலந்தால் அதே பிசகு 2 சதவீதமாகக் குறையும். மீதிப் பசை வீணாகிறதே என்று தோன்றும், தோன்றட்டும். விகிதம் தப்பிய பசை எவ்வளவு நேரம் சூட்டில் வைத்தாலும் முழுதாக இறுகாது.

கலக்கும்போது முட்டை அடிப்பதுபோல அடிக்காதீர்கள். கண்ணாடியில் பரப்பி, வழித்து, மடித்து, திரும்பப் பரப்பி, நிறம் ஒரே சீராகும்வரை இரண்டு மூன்று நிமிடம் செய்யுங்கள். சிரிஞ்சில் அடைக்கும்போதும் பின்பக்கத்திலிருந்து காற்று போகாமல் அடையுங்கள்.

6. கண்ணாடியில் ஒரு சோதனைப் பட்டை

இதை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பத்து நிமிட வேலைதான். போர்டு கெட்ட பிறகு தப்பு பசையிலா, பரப்பிலா, சூட்டிலா என்று தேடும்போது இந்தப் பட்டைதான் பதில் சொல்லும்.

மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகட்டில், 2.5 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு ஒட்டு நாடாக்களை இணையாக ஒட்டுங்கள். இடையில் பசையை வைத்து பிளேடால் வழித்தால், நாடாவின் தடிமனுக்கு ஒரு பட்டை கிடைக்கும். நாடாவை உடனே உரித்துவிடுங்கள். போர்டு போகும் அதே ஓவனில், அதே நேரம் இதையும் வையுங்கள்.

இறுகிய பிறகு தடிமனை மைக்ரோமீட்டரால் அளங்கள். 2.5 செ.மீ. தூரத்தில் மின்தடையை 4-வயர் முறையில் அளங்கள். தன்மின்தடை என்பது மின்தடையை அகலத்தாலும் தடிமனாலும் பெருக்கி, நீளத்தால் வகுத்தது. பட்டை 50 மைக்ரான் தடிமனாக இருந்து மீட்டர் 1 ஓம் காட்டினால், கணக்கு 0.0005 ஓம்-செ.மீ. என்று வரும். 0.4 ஓம் என்றால் 0.0002. பசையின் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொல்வதோடு ஒப்பிடுங்கள். அதைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தால், போர்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கலப்பிலோ சூட்டிலோ கோளாறு இருக்கிறது.

7. பசை வைப்பது

சிரிஞ்சில் மாட்டும் முனையின், அதாவது ஊசியின், உள்விட்டம் பசையில் உள்ள மிகப் பெரிய வெள்ளிச் செதிலைப் போலக் குறைந்தது ஏழெட்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் செதில்கள் வாயில் சிக்கி, பிசின் மட்டும் கசியும். பார்க்க நன்றாகத்தான் வரும், ஆனால் அதில் கடத்துவதற்கு ஒன்றும் இருக்காது. அழுத்தம் கூட்டித் தள்ளுவது தீர்வல்ல, ஊசியைப் பெரிதாக்குங்கள்.

எவ்வளவு வைப்பது என்பதில்தான் சால்டர் பழகிய கை ஏமாறும். சால்டர், பேட்களைச் சுற்றிப் போர்டில் பூசியிருக்கும் பச்சைப் பூச்சின் மேல் ஒட்டாமல் பேட்டுக்குத் தானே திரும்பி வரும். பசை அப்படியல்ல, பச்சைப் பூச்சிலும் நன்றாகவே ஒட்டும். பாகத்தின் அடியில் பரவியது பரவியதுதான், இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளும். 0603 என்ற அளவுக் குறியீடுள்ளது போன்ற சின்னப் பாகத்துக்கு, பேட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மேல் மூடும் அளவு ஒரு புள்ளி போதும். அதையும் பேட்டின் நடுவில் வைக்காமல் வெளி ஓரத்தை நோக்கித் தள்ளி வையுங்கள். பாகத்தை வைத்ததும் அது உள்பக்கமாகப் பரவ இடம் இருக்கும்.

ஸ்டென்சில் (பசையைப் பேட்களில் பதிக்கும் துளையிட்ட தகடு) பயன்படுத்தினால், துளையைப் பேட்டைவிடச் சிறியதாக வெட்டச் சொல்லுங்கள். சால்டர் பேஸ்ட்டுக்கு வெட்டிய ஸ்டென்சிலை அப்படியே எடுக்காதீர்கள்.

8. பாகத்தை வைப்பது, அப்புறம் ஒரு நிதானமான பார்வை

சால்டர் உருகும்போது பரப்பு இழுவிசை பாகத்தை நேராக்கிவிடும். பசையில் அந்த உதவி கிடையாது. கோணலாக வைத்தால் கோணலாகவே இறுகும். சிமிட்டாவால் நேராக இறக்கி, மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். முனையின் பக்கவாட்டில் பசை கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். கீழே மட்டும் இருந்தால் இணைப்பு பலவீனம். ரொம்பவும் அழுத்தினால் அடியில் பசையே மிஞ்சாது.

வைத்த பிறகு பக்கவாட்டில் நகர்த்திச் சரிசெய்யாதீர்கள். நகர்த்தினால் பசை பூசினதுபோல இழுபடும். தூக்கி, துடைத்து, புதிதாக வைப்பதே நல்லது.

இப்போது ஓவனுக்குப் போகும் முன் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு பாகத்தையும் பாருங்கள். இந்த நிமிடத்தில் தப்பைச் சரிசெய்ய ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். ஒரு மணி நேரம் கழித்து அதே தப்புக்கு உளி வேண்டியிருக்கும்.

இங்கே புதியவர்கள் செய்யும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். மீட்டர் தொடர்பே காட்டாது, அல்லது கிலோ ஓம் காட்டும். பசை கெட்டுவிட்டது என்று எறிந்தவரையும், போதவில்லை என்று இன்னொரு சொட்டு வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். ஈரமான பசையில் வெள்ளிச் செதில்கள் பிசினில் மிதந்துகொண்டிருக்கும், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கொழுப்புப் படலமும் இருக்கும். சூட்டில் பிசின் இறுகிச் சுருங்கும்போதுதான் செதில்கள் நெருங்கித் தொட்டுப் பாதை உண்டாகிறது. அதற்கு முன் அளப்பதில் பொருளே இல்லை.

9. சூடேற்றி இறுகவைப்பது

டேட்டாஷீட்டில் வழக்கமாகப் பல தேர்வுகள் இருக்கும். 150 டிகிரியில் 1 மணி நேரம், 80 டிகிரியில் 3 மணி நேரம் என்பதுபோல. எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் குறைந்த சூட்டை எடுக்காதீர்கள். எல்லாவற்றிலும் பசை கெட்டியாகும், ஆனால் கூடுதல் சூட்டில் இறுகியது பொதுவாக நன்றாகக் கடத்தும். அறைச் சூட்டில் இறுகவிட்டது நகத்தால் கீறினால் கல்லாக இருக்கும், மின்தடையில் பின்தங்கிவிடும்.

போர்டில் இருப்பதிலேயே சூடு தாங்காத பொருள் எது என்று பாருங்கள். அதன் எல்லைக்குள் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு போங்கள். பாலியெஸ்டர் படலம் 150 டிகிரியில் நெளிந்துவிடும். அங்கே குறைந்த சூடும் நீண்ட நேரமும்தான் வழி.

நேரத்தைக் கணக்கிடும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஓவன் 150 காட்டியதும் கடிகாரத்தைத் தொடங்குவார்கள். தடிமனான போர்டும் அதன் கீழே உள்ள உலோகத் தட்டும் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் இருபது நிமிடம்கூட ஆகலாம். தெர்மோகப்பிளைப் பசையின் பக்கத்திலேயே ஒட்டி வைத்து, அது காட்டும் சூட்டிலிருந்து நேரத்தைத் தொடங்குங்கள். பாதி இறுகிய இணைப்பைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நாள் செல்லச் செல்லத்தான் அது தன் வேலையைக் காட்டும்.

பசையில் கரைப்பான் இருந்தால், சூட்டை மெதுவாக ஏற்றுங்கள். சட்டென்று ஏற்றினால் மேல்தோல் முதலில் இறுகி, ஆவி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

10. அளப்பது

சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.1, 0.2 ஓம் மின்தடை இருக்கும். நீங்கள் தேடுவதோ மில்லி ஓம். அதனால்தான் 4-வயர்: மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பி, மின்னழுத்தத்தை அளக்க வேறு இரண்டு.

புது பசையோ புது பாகமோ வந்தால் நான் செய்வது இது. பத்து 0 ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக ஒட்டிய ஒரு சின்னப் போர்டு. அதில் இருபது இணைப்புகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் மொத்தத்தில் தெரிந்துவிடும். முதல் நாள் அளவை எழுதி வையுங்கள். 0 ஓம் ரெசிஸ்டருக்கும் சில பத்து மில்லி ஓம் இருக்கும் என்பதால், கிடைக்கும் எண்ணைவிட அது மாறுகிறதா என்பதே கேள்வி. 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்பது இந்தத் துறையில் வழக்கமான சோதனை நிலை. அந்தப் பெட்டி இல்லாவிட்டால், மூடிய டப்பாவில் ஈரத்துணியோடு வெதுவெதுப்பான இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை அளங்கள். துல்லியமான சோதனை ஆகாது, ஆனால் வெள்ளீய முனையைக் காட்டிக்கொடுக்க இது போதும்.

11. வெள்ளி நகராமல் பார்ப்பது

நெருக்கமான இரண்டு இணைப்புகளுக்கு இடையே நேர்திசை (DC) மின்னழுத்தமும் ஈரமும் சேர்ந்தால், வெள்ளி அயனியாகக் கரைந்து எதிர்முனையில் செடிபோலக் கிளைவிட்டு வளரும். கடைசியில் இரண்டையும் தொட்டு ஷார்ட் ஆக்கும். விரல் வியர்வையின் உப்பும் மிச்ச ஃப்ளக்ஸும் இதை வேகப்படுத்தும். இடைவெளியை முடிந்த அளவு பெரிதாக வடிவமையுங்கள். இறுகிய பிறகு போர்டைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஈரம் தடுக்கும் பூச்சு போடுங்கள். அழுக்கின் மேல் பூச்சு போட்டால் அழுக்கையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

கனமான பாகம் இருந்தால் கடத்தாத எபாக்ஸியால் அதன் மூலைகளில் முட்டுக் கொடுப்பதையும் பூச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

12. பழுதான பாகத்தை மாற்றுவது

இறுகிய எபாக்ஸி உருகாது, இளகும். சால்டரிங் அயர்ன் நுனியைப் பாகத்தின் மேல் வைத்துச் சில நொடி சூடேற்றிய பிறகு, சிமிட்டாவால் பக்கவாட்டில் திருகுங்கள். மேல்நோக்கி இழுத்தால் பேட்டும் சேர்ந்து உரிந்து வரும். புகை வந்தால் சூடு அதிகம், உடனே எடுங்கள். காற்றோட்டம் இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

மிச்சப் பசையைச் சூட்டோடு சூடாக மரக் குச்சியால் வழித்தெடுங்கள். முழுவதும் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தட்டையாகவும் சுத்தமாகவும் இருந்தால் மெல்லிய பழைய படலத்தின் மேலேயே புதுப் பசை பிடிக்கும். கத்தியால் சுரண்டித் தங்கத்தை எடுத்துவிடுவதைவிட அது மேல்.

புதுப் பாகத்துக்குப் புதிதாகக் கலந்த பசை, அதே சூடு, அதே நேரம். பக்கத்து இணைப்புகளும் இரண்டாவது முறை சூட்டுக்குப் போகின்றன. சரியாக இறுகியவை அதைத் தாங்கும். மாற்றி முடித்ததும் புது இணைப்போடு பக்கத்து இணைப்புகளையும் அளங்கள். அவற்றின் மின்தடை முன்பைவிடக் கணிசமாக இறங்கியிருந்தால், முதல் முறை அவை முழுதாக இறுகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அதே தொகுதியில் செய்த மற்ற போர்டுகளையும் எடுத்துப் பாருங்கள்.